கம்பி துருவேறிய தளமும் எங்கள் அக்காவின் பயமும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பலர் எங்கள் அக்காவைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தவர்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார், கோபித்துக்கொண்டதில்லை. அவருடைய விருந்தோம்பலையும் பொறுமையையும் நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அந்தப் பயத்தை அருகில் இருந்து பார்த்தவர்கள் சிலர்தான். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் அதை எழுதிவைப்பது ஒரே தம்பியான என் கடமை என்று கருதுகிறேன்.

அக்கா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். எங்கள் தந்தையார் காலமானபோது நான் பள்ளிக்குப் போகும் வயதைக்கூட எட்டவில்லை. தாயார் துணி தைத்து எங்கள் இருவரையும் வளர்த்தார். இடி இடித்தால் அக்கா என்னையும் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவார். நாய்க்குப் பயம், கிணற்றுக்குப் பயம், வேகமாக வரும் பேருந்துக்குப் பயம். பள்ளியிறுதி முடித்ததும் இராஜபாளையத்தில் அத்தானுக்கு மணமுடித்துக் கொடுத்தோம்.

அத்தானின் குடும்பத்துக்குச் சொந்தமாகப் பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறை இருந்தது. கீழே பட்டறை, மேலே வீடு. அத்தானின் தகப்பனார், நாங்கள் மாமா என்று அழைப்பவர், தாமே முன்னின்று கட்டிய கான்கிரீட் கட்டடம் அது. முன்பகுதியில் துணிகளை அடுக்கிவைக்கும் அறை. பின்பகுதியில் வரிசையாக ப்ளீச்சிங் தொட்டிகள். தொட்டிகளுக்கு நேர் மேலேதான் அக்காவின் அடுக்களையும் பெரிய கூடமும் இருந்தன. தொட்டியிலிருந்து கிளம்பும் நெடி கண்ணைக் கரிக்கும். அந்த ஆவி பகலெல்லாம் தளத்தின் அடிப்பக்கத்தில் போய்ப் படியும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் தளத்தின் அடியில் பழுப்பு நிறக் கோடுகள் தெரிந்தன. யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு ஒருநாள் காலை உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து தொட்டிக்குள் விழுந்தது. கொத்தனார் வந்து சிமெண்டு பூசி, சுண்ணாம்பும் அடித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு அந்தப் பூச்சும் விழுந்தது. பக்கத்தில் இன்னும் பெரிதாக விரிசல் விட்டது. மேலே அடுக்களைத் தரையில் அக்கா நடக்கும்போது ஓர் இடத்தில் மட்டும் அடியில் ஒன்றுமே இல்லாததுபோல ஓசை கேட்கத் தொடங்கியது. அன்று முதல் அக்கா பிள்ளைகளைச் சுவரோரமாகவே நடக்கச் சொன்னார்.

மதுரையில் பொறியாளராக இருந்த அத்தானின் நண்பர் ஒருவர் வந்தபோது அக்காவே அவரைப் பட்டறைக்குள் அழைத்துப் போனார். நானும் உடன் இருந்தேன். அவர் ஏணியில் ஏறிச் சுத்தியலால் தட்டினார். தட்டிய இடமெல்லாம் பொத்தென்றது. உரித்துப் பார்த்தால் விரல் தடிமனுக்கு இருக்கவேண்டிய கம்பி, சுற்றிலும் துரு ஏடு ஏடாகக் கழன்று, நடுவில் பென்சில் அளவுக்கு மிஞ்சியிருந்தது.

"ப்ளீச்சிங் காத்துல உள்ள குளோரின் சிமெண்டுக்குள்ள எறங்கிக் கம்பிய அரிக்குது. துரு ஏறுனா கம்பி ஊதும். ஊதுனா சிமெண்டப் பொளக்கும். பொளந்த வழியா இன்னும் உள்ள போகும். மேல பூசிப் பூசி மூடுறதுல பிரயோஜனம் இல்ல" என்றார்.

"விழுந்துருமா சார்?" என்று அக்கா கேட்டார்.

"விழும். என்னைக்குன்னுதான் சொல்ல முடியாது. பாரம் ஏத்தாதீங்க. முட்டுக் கொடுத்து, ஆளுகளக் காலி பண்ணி இடிச்சிருங்க."

அந்த "என்னைக்குன்னு சொல்ல முடியாது" என்ற சொல் அக்காவை உலுக்கிவிட்டது. உண்ண உட்கார்ந்தால் அண்ணாந்து பார்ப்பார். பாத்திரம் உருண்டால் பிள்ளைகளை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். மாமா இதை ஏற்கவில்லை. "நான் நின்னு கட்டுன கட்டடம். நம்ம காலத்துக்குப் பொறவும் நிக்கும். பயத்த வீட்டுக்குள்ள கொண்டுவராத தாயி" என்றார். அத்தான் இருவருக்கும் நடுவில் தவித்தார்.

அந்த நேரத்தில்தான் அக்காவின் மூத்த மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் என்ற முறையில் நான் சீர்த்தட்டுகளோடும் மேளத்தோடும் உறவினர் சூழ வந்து சேர்ந்தேன். கூடம் நிறையப் பாய் விரித்திருந்தது. மாடிப்படியில் அக்கா நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் இரண்டு பக்கச் சுவரையும் பிடித்திருந்தார். பட்டுச் சேலை வேர்வையில் நனைந்திருந்தது.

"யாரும் மேல ஏற வேண்டாம். தெருவுல பந்தல் இருக்கு, அங்க வச்சுக்கிடுவோம்" என்றார்.

"என்ன பேச்சு இது? சபையில வச்சு மானத்த வாங்குதியா?" என்று மாமா சத்தம் போட்டார்.

"வாங்குனதாவே இருக்கட்டும் மாமா. இம்புட்டுப் பேரு ஏறுனா தாங்காது. எனக்குப் பயமா இருக்கு. என்னயத் தள்ளிட்டு ஏறணும்னா ஏறுங்க."

மேளம் நின்றுவிட்டது. முன்னே போவதா பின்னே போவதா என்று தெரியாமல் தட்டோடு நின்றேன். முதலில் ஏறியிருந்த பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். சடங்கு தெருப் பந்தலில் நடந்தது. மாமா சாப்பிடவில்லை.

மறுநாளே அக்கா பிள்ளைகளோடு பக்கத்துத் தெருவில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். மாமா பிடிவாதமாக மாடியின் முன்னறையிலேயே தங்கினார். அத்தான் சில சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்துவிட்டு, சடங்குக்காக நிறுத்தியிருந்த பட்டறையை மீண்டும் ஓட்டினார். முடித்துக் கொடுக்கவேண்டிய துணி நிறையக் கிடந்தது.

அக்கா செய்தது யாரும் எதிர்பாராதது. தினமும் காலையில் பட்டறைக்குள் போய், வேலை செய்யும் பெண்களோடு தொட்டியருகில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கண் முழுக்கத் தளத்தின் மேல்தான். "பயமா இருக்குல்ல, பொறவு ஏன் இங்க வந்து உக்காந்திருக்க?" என்று நான் கேட்டேன்.

"இந்தப் பிள்ளைக குனிஞ்சு வேல பாக்குதுக. மேல பாக்க ஒரு ஆளு வேண்டாமா தம்பி?" என்றார். பேசும்போதும் என்னைப் பார்க்கவில்லை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு பகல் பொழுது அது. மாவு சலித்ததுபோல அக்காவின் கையில் வெள்ளைத் தூள் விழுந்தது. ஒரு சவுக்குக் கம்பு முனகியது. "ஏட்டி, ஓடுங்கட்டி! எல்லாத்தயும் போட்டுட்டு ஓடுங்க!" என்று அக்கா போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டதாம். பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். முத்தம்மாள் என்ற பெண் மட்டும் ஈரத் துணிச் சுருளில் கால் சிக்கித் தடுக்கி விழுந்தார். அக்கா திரும்பிப் போய் அவரது கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். இருவரும் நிலைப்படியைத் தாண்டுவதற்கும் தளம் இறங்குவதற்கும் சரியாக இருந்தது. அடுக்களையில் கிடந்த ஆட்டுரல், முத்தம்மாள் வேலை பார்த்த தொட்டிக்குள்ளேயே வந்து விழுந்தது.

நான் செய்தி கேட்டு ஓடிவந்தபோது தெருவே சுண்ணாம்புத் தூளாக இருந்தது. மாடிப்படியும் தளத்தோடு சரிந்து, கட்டடத்தின் முன்பகுதி மட்டும் நின்றது. அதன் சன்னலில் மாமா கம்பியைப் பிடித்தபடி வெளிறிப்போய் நின்றார். சன்னலைப் பெயர்த்து, ஏணி வைத்து அவரை இறக்கினார்கள். இறங்கியவர் நேரே அக்காவிடம் போய், "பிள்ளைக எல்லாம் வெளிய வந்துட்டாளுகளா?" என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு பல நாட்கள் அவரால் பேச முடியவில்லை. கதவு சாத்தும் சத்தத்துக்கெல்லாம் உடல் தூக்கிப் போடும்.

ஊருக்கு வெளியே உயரமான ஓட்டுக் கூரை போட்டு அத்தான் புதிய பட்டறை தொடங்கினார். குடும்பம் மெல்ல நிமிர்ந்தது. பெண்கள் இருவருக்கும் திருமணம் ஆனது. ஆனால் அக்காவின் பயம் போகவில்லை. கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் மேலே பார்ப்பார். அதைத்தான் நீங்கள் கேலி செய்தீர்கள்.

தொண்ணூறுகளின் இறுதியில் அவருக்கு மூச்சுக் கோளாறு முற்றியது. மருத்துவமனையில் படுத்த முதல் நாளே, "தம்பி, அந்தக் கடேசிக் கட்டிலுக்கு மேல கறை இருக்கு பாரு. அங்க கெடக்க பொம்பளையத் தள்ளிப் படுக்கச் சொல்லு" என்றார். தம்மைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சில வாரங்களில், அத்தானின் கையைப் பிடித்தபடியே அடங்கினார்.

சிரிக்காமல் அந்தக் கட்டிலை நகர்த்திப் போட்ட செவிலியருக்கு எங்கள் நன்றி. மருத்துவமனையில் முறைவைத்து உடனிருந்த முத்தம்மாளுக்கும் பட்டறைப் பெண்களுக்கும், துக்கம் கேட்க வந்தவர்களைத் தள்ளாத வயதிலும் வாசலில் நின்று எதிர்கொண்ட மாமாவுக்கும் நன்றி. கடைசியாக, சடங்கன்று அக்காவைத் திட்டிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கிய உறவினர்களுக்கும் சொல்லவேண்டும். அன்று நீங்கள் அவரைத் தள்ளிவிட்டு ஏறியிருக்கலாம், இறங்கினீர்கள். பயத்தின் பதற்றத்தில் அக்கா அன்று உங்களுக்குச் சொல்லாமல் விட்ட நன்றியை, அவருக்காக நான் இங்கே சொல்கிறேன்.