கோவர்த்தனன் கூப்பிட்ட பேர்

சத்தியவேட்டில் ஒயரிங் வேலை செய்யும் கோவர்த்தனனுக்குச் சாமி மேல் கோபமும் இல்லை, பெரிய பழக்கமும் இல்லை. மனைவி சுலோசனா கோயிலுக்குள் போனால் அவன் வெளியே செருப்புக்குக் காவல் நிற்பான். அவனுடைய பக்தியெல்லாம் தன் தலைமுடி மேல்தான். ஒரு நரைகூட எட்டிப் பார்க்காத சுருட்டை முடி. தெருவில் நிற்கும் எந்த வண்டியின் கண்ணாடியையும் அவன் சும்மா விட்டதில்லை.

அந்த முடிக்குத்தான் வந்தது வினை.

சித்தூரில் ஒரு கல்யாணம் முடித்து, விருந்துச் சாப்பாட்டு மயக்கத்தோடு வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டில் சுலோசனா. புத்தூரைத் தாண்டியதும் கார் மெல்ல வலப்பக்கம் சாய்ந்து போயிற்று. எதிரே மணல் லாரி. முன்சீட்டிலிருந்த கோவர்த்தனன் திரும்பிப் பார்த்தால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தான். இவர்கள் தெருக்காரன்தான். பேர் ஏழுமலை.

"ஏழுமலே!"

கத்திய கத்தலில் டிரைவர் விழித்து வண்டியை ஒடித்தான். லாரி தப்பியது. கார் குட்டிக்கரணம் போட்டு மாந்தோப்புக்குள் போய்க் கவிழ்ந்தது. கோவர்த்தனனுக்குத் தோள் எலும்பு முறிந்தது; மற்ற இருவருக்கும் சிராய்ப்புதான். நசுங்கிய காரைப் பார்த்தவர்கள், உள்ளே இருந்தவர்கள் பிழைத்ததை நம்பவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி உறவுக்காரர்கள் கூடியதும் சுலோசனா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "செருப்பாண்ட நிக்கிற மனுசன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். உசுரு போற நேரத்துல இன்னா கத்திச்சி தெரியுமா? ஏழுமலேன்னு! பெருமாளே வந்து தாங்கிட்டாரு. மொட்ட போடறதா வேண்டிக்கினேன்."

"யாருக்கு?" என்றான் கோவர்த்தனன்.

"கூப்ட்டது யாரு? உனுக்குத்தான்."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். கால்மாட்டில் நெற்றிக் கட்டோடு ஏழுமலை நின்றிருந்தான். தூங்கியது தெரிந்தால் கார் ஓனர் மறுபடி சாவியைத் தரமாட்டார். அவன் கண் கெஞ்சியது. கோவர்த்தனன் வாயை மூடிக்கொண்டான்.

எல்லாரும் கிளம்பியபோது ஏழுமலையை மட்டும் நிறுத்தினான்.

"கல்யாணத்துல எத்தினி லட்டுடா துன்ன?"

"நாலுணா."

"நீ லட்டு துன்னதுக்கு நான் மொட்டையா? இனிமே தூக்கத்தோட சாவியத் தொட்ட, நானே உங்க ஓனராண்ட சொல்லிடுவேன்."

"தொடமாட்டேண்ணா. ஒண்ணு கேக்கட்டா? எப்பவும் 'டேய் மலை'ன்னுதான கூப்டுவ? அன்னிக்கி மட்டும் இன்னாத்துக்கு முழுப்பேரு?"

"போடா, போய் வேலையப் பாரு" என்று அவனை அனுப்பிவைத்தான் கோவர்த்தனன். தோள்வலியோடு அந்தக் கேள்வியும் கூடவே படுத்துக்கொண்டது. தூங்குகிறவனை எழுப்பத்தான் முழுப்பேர் சொன்னேனா? சாகப்போகிறோம் என்று தெரிந்ததும் எனக்குள் இருந்த எவனோ ஒருவன் வேறு யாரையோ கூப்பிட்டுவிட்டானா? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் பிடிபடவில்லை. செத்திருக்க வேண்டியவன் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும் நிச்சயம். அதற்கு யாருக்காவது நன்றி சொல்லாமல் கஞ்சி இறங்கவில்லை.

தோள் எலும்பு கூடியதும் திருமலைக்குப் போனார்கள். முடி இறக்கும் கல்யாணகட்டாவில் நாவிதர் "தல வஞ்சண்டி" என்று தெலுங்கில் குனியச் சொன்னார். பக்கத்தில் ஏழுமலையும் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். முதல் சுருள் கோவர்த்தனன் மடியில் விழுந்தது. அதை விரலால் ஒருமுறை தடவினான். கண்ணை மூடி, மெல்ல "ஏழுமலே" என்றான்.

"இன்னாணா?" என்று பாதி மொட்டை திரும்பியது.

"உன்ன இல்லடா."