ஹாஜிராவின் ஆர்க்கிட்டுக்குக் காரணம் தேடாதீர்கள்

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. கல்லூரியில் முதல் மணி அடிப்பதற்குள் ஜமீலா போன் செய்தார். "டீச்சர், அக்கா மௌத்தாயிட்டாங்க. காலையில டீ போட்டுக் குடுத்தேன். பாதிதான் குடிச்சாங்க, அதுக்குள்ள நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்துட்டாங்க." அக்கா என்றது எங்கள் வணிகவியல் துறையின் ஹாஜிரா மேடத்தை. அவருடைய அண்ணன் மனைவி இந்த ஜமீலா. எதிர் மேஜையில் ஹாஜிரா திருத்தி முடிக்காத விடைத்தாள்கள் இருந்தன. மேலே இருந்த தாளில் ஒரு பெரிய சிவப்புக் கேள்விக்குறி. அவர் கேள்விக்குறி போட்டால் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போடுவார்.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவர் போன பிறகு நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "பாவம், பிள்ளையா குட்டியா, அந்தச் செடிதான் அவங்களுக்குப் பிள்ளை." இதைச் சொல்லாதவர்கள் உங்களில் குறைவு. அன்பாகத்தான் சொல்கிறீர்கள். இருந்தாலும் அது பொய். அந்தச் செடி பூத்த கதை தெரியாமல், அல்லது தெரிந்தும் மறந்துவிட்டு, சொல்லப்படுகிற பொய்.

கல்லூரி விழா மேடையை அலங்கரிக்க வாங்கிய ஆர்க்கிட் அது. பூ உதிர்ந்ததும் வெறும் நாலு இலையோடு குப்பைத்தொட்டி அருகே கிடந்தது. ஹாஜிரா எடுத்துக்கொண்டு போனார். சேலத்து வெயிலில் இது வளர்ந்தாலும் பூக்காது என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். அவர் மண்ணை உதறிவிட்டு, கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போட்டு நட்டு, கோட்டைப் பகுதியில் அண்ணன் குடும்பத்தோடு இருந்த பழைய வீட்டின் முற்றத்தில் தொங்கவிட்டார். காலை வெயில் சாய்வாக விழும் இடம், இரவில் குளிர்காற்று இறங்கும் இடம் என்று தேடிப் பிடித்த மூலை அது.

திருச்செங்கோட்டுக்காரரான பழனியம்மாள் மேடம் ஒருநாள் யோசனை சொன்னார். "ஏனுங்க ஹாஜிரா, ஏற்காட்டுல எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்ச எஸ்டேட் இருக்குதுங்க. ரெண்டு மாசம் அங்க வெச்சிருந்து எடுத்துட்டு வாங்க, பூத்துருமுங்க."

"அங்க பூத்தா அது ஏற்காட்டுப் பூங்க. கல்யாண மண்டபத்துல சாப்ட்டு வந்து, எங்க வீட்டுச் சமையல்னு சொல்ற மாதிரி இருக்கும்" என்றார் ஹாஜிரா. பழனியம்மாளே சிரித்துவிட்டார்.

தை மாதக் குளிரில் செடி தண்டு விட்டது. மொட்டுகள் பருத்தன. சித்திரை வந்ததும் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. அடுத்த வருடம் முற்றத்தைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினார். அப்போதும் உதிர்ந்தன. கண் பட்டுவிட்டது என்றார்கள். நம் ஆசிரியர் அறையில், நான் காதால் கேட்க, ஒருவர் வேறொன்றும் சொன்னார்: "சில பேர் கையில பூக்காதுங்க, அது அப்படித்தான்." யாரைப் பற்றி, எதை மனதில் வைத்துச் சொன்னார் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. சொன்னவர் முதுகலைப் பட்டதாரி.

மூன்றாம் வருடம், மொட்டு முழுதாக இருக்கும்போதே ஹாஜிரா என் மேஜைக்கு வந்தார். "பழம் பழுக்கறப்ப அதுல இருந்து ஏதாவது வெளிய வருமா?"

"எத்திலீன்னு ஒரு வாயு வரும்."

"அது மொட்டுக்கு ஆகுமா?"

"ஆகாது. உதிர்த்துடும்."

கையிலிருந்த புத்தகத்தை மேஜையில் அறைந்தார். "ரெண்டு வருஷமா வெயிலத் திட்டிட்டு இருந்திருக்கேன்! மாம்பழத்தத் திட்டியிருக்கணும்!"

அவர்களுடையது மாம்பழ மண்டி வைத்திருக்கும் குடும்பம். சித்திரை பிறந்தால் மண்டியில் இடம் போதாத காய்களை வீட்டு மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் வைக்கோல் பரப்பிப் பழுக்கப் போடுவார்கள். அந்த அறையின் கதவு முற்றத்தைப் பார்த்துத்தான் திறக்கும். ஆர்க்கிட் தொங்குவது அதற்கு நேர் எதிரே. வீடே மணக்க மணக்கப் பழுத்த மாம்பழம்தான் மொட்டைக் கொன்றிருக்கிறது. ஊரே அந்தப் பழியை ஒரு பெண்ணின் கையின் மேல் போட்டுக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே என்னை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். "நான் சொன்னா பொம்பளை பிடிவாதம்பாங்க. கெமிஸ்ட்ரி டீச்சர் சொன்னா சயின்ஸ். வாங்க." அவருடைய அண்ணன் காதர், நான் சொன்னதை மரியாதையாகக் கேட்டார். பிறகு தங்கையிடம் திரும்பினார்.

"ஏம்மா, தாத்தா காலத்துல இருந்து இங்கதான் பழுக்கப் போடறோம். செடிய மாடிக்குத் தூக்கிட்டுப் போ."

"மாடியில செடி வெந்துரும்ணே. மாடி ரூமுல மாங்கா வேகாது."

"லோடுமேனுங்க படியேறி எறக்குவாங்களா?"

"நான் கேக்கறேன் அவங்ககிட்ட."

"பூத்ததாவே ஒண்ணு வாங்கித் தரேன், விடும்மா."

"எனக்கு இது பூக்கணும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நீ பிரியாணி கேக்கறப்ப எதுக்குன்னு நான் கேக்கறேனா?"

உள்ளே ஜமீலா சிரிப்பை அடக்க முடியாமல் பாத்திரத்தை உருட்டினார். காதர் ஒரு வாரம் தங்கையோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. கடைசியில் மாங்காய் மாடிக்குப் போனது.

அந்தச் சித்திரையில் பூத்தது. வெள்ளைப் பூ, நடுவில் ஊதா. வளைந்த தண்டு முழுக்க வரிசையாக. தெருவே வந்து பார்த்தது. நாமும் போனோம், நினைவிருக்கிறதா? கைராசி என்றோம். ராசியான வீடு என்றோம். எல்லோருக்கும் ரோஸ்மில்க் கொடுத்து அனுப்பிவிட்டு, என்னிடம் மட்டும் பொரிந்தார். "ஒரு வாரம் சாப்பிடாம கொள்ளாம சண்டை போட்டது நான். பேரு ராசிக்கா?"

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். அஞ்சலிக் கூட்டம் என்று நாம் நடத்திய அந்தக் கூட்டம். பொறுமையின் வடிவம் என்றார்கள் அவரை. அதிர்ந்து பேசாதவர் என்றார்கள். எந்தக் கல்லூரியில் வேலை பார்க்கிறோம் என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு மேடையில் இருந்த பெரியவர் குரல் தழுதழுக்கச் சொன்னார்: "பிள்ளை இல்லாத குறையை அம்மையார் ஒரு செடியில் தீர்த்துக்கொண்டார்." கைக்குட்டைகள் வெளியே வந்தன.

இத்தனை வருடத்தில் நான் எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்தவள் அல்ல. அன்று எழுந்துவிட்டேன்.

"இல்லைங்க சார். குறைக்காக வளர்க்கலை. ஆசைப்பட்டு வளர்த்தாங்க."

"உட்காருங்க மேடம். இது அஞ்சலிக் கூட்டம்."

"அதனாலதான் சொல்றேன். நீங்க இந்த வயசுல ரேஸ் சைக்கிள் வாங்கினப்ப, என்ன குறைக்கு வாங்கினீங்கன்னு இங்க யாரும் கேக்கலை."

பின்வரிசையில் காதரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜமீலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "டீச்சர் சொல்றது சரிதாங்க. அக்காவுக்குக் கோவம்தான் ஜாஸ்தி. குறையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க." காதர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று நான் பார்க்கவில்லை.

ஒரு ஆண் சீட்டாடினால் பொழுதுபோக்கு. புறா வளர்த்தால் பிரியம். பிள்ளை இல்லாத பெண் ஒரு பூவுக்கு ஆசைப்பட்டால் மட்டும் நமக்கு உடனே ஒரு காலித் தொட்டில் தேவைப்படுகிறது. இந்த இரக்கத்தை விட, கையில் பூக்காது என்று சொன்னவரின் வன்மமே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு ஹாஜிராவால் பதில் சொல்ல முடிந்தது. இதற்கு அவர் இனி பதில் சொல்ல முடியாது.

கூட்டம் முடிந்து ஹாஜிராவின் வீட்டுக்குப் போனேன். செடியில் மீண்டும் தண்டு விட்டு மொட்டுகள் கட்டியிருந்தன. ஹாஜிரா பார்த்துவிட்டுப் போன மொட்டுகள். மாங்காய் வரும் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. துக்க வீட்டில் மாங்காயை மாடிக்கு ஏற்றச் சொல்லி இனி யார் சண்டை போடுவார்கள்? செடியை நான் கொண்டுபோகட்டுமா என்று ஜமீலாவைக் கேட்டேன்.

"தர மாட்டேன் டீச்சர்" என்றார். கோபித்துக்கொண்டாரோ என்று பார்த்தேன். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "மாடி ரூம நேத்தே கூட்டி வெச்சுட்டேன். வைக்கோலும் மேல போயிருச்சு. அவரு இன்னும் பாக்கல. பாத்துட்டு ஏன்னு கேக்கட்டும், நான் பேசிக்கறேன்."

வெறுங்கையோடு திரும்பினேன். ஹாஜிராவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அன்று கூட்டத்தில் எழுந்து நின்றபோது என் குரல் நடுங்கவில்லை. அந்தக் குரல் என்னுடையது அல்ல. திருப்பிக் கொடுக்கும் எண்ணமும் எனக்கு இல்லை.