கொடி இல்லாத போர்ட்டர்

சிவப்புக் கொடியையும் பச்சைக் கொடியையும் ஒன்றாகச் சுருட்டிப் போர்ட்டர் என் கையில் தந்த பின்னேரம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டையும் தோய்த்துக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். திருகோணமலை ரெயிலில் நான் கார்டாக இருந்த காலம். மூடப்பட்ட அந்தச் சின்ன ஸ்டேஷனின் சாமான்களைப் பொறுப்பெடுத்து வரும்படி என்னை அனுப்பியிருந்தார்கள். "ஒரு கொடியாவது இருக்கட்டும் ஐயா," என்றார். "ஸ்டேஷனே இல்லை, உமக்கு என்னத்துக்குக் கொடி?" என்றேன்.

துறைமுக வேலைக்குப் போகிறவர்களுக்காகவே இருந்த ஸ்டேஷன் அது. காலையில் சாப்பாட்டுப் பார்சலோடு ஏறுவார்கள். பின்னேரம் எண்ணெய்க் கறையோடு இறங்குவார்கள். வெள்ளைக்காரக் கடற்படை போனபின் ஆட்கள் வரவரக் குறைந்து, கடைசியில் ஏழெட்டுப் பேருக்காக ரெயிலை நிறுத்த ஏலாது என்று மூடிவிட்டார்கள். வேறு ஸ்டேஷனுக்கு மாற்றம் வரும்வரை போர்ட்டரும், சல்லிக் கிராமத்தில் அவர் கட்டிய மனைவியும் பக்கத்து ரெயில்வே வீட்டிலேயே இருந்தார்கள்.

மூடியபிறகும் அவர் நாள்தோறும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வெறும் மேடையில் நின்று, ரெயில் கடக்கும்போது கையை உயர்த்துவார். டிரைவர் கேலிக்கு நீளமாக விசில் ஊதுவார். நானும் என் பெட்டியில் விறைத்து நின்று சலாம் போடுவேன். அதை அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

மாரி மழை மூன்று நாள் விடாமல் பெய்து, தெருவெல்லாம் வெள்ளம். அன்று காலை அவர் மேடையில் நிற்கவில்லை. தண்டவாள ஓரமாக எங்களை நோக்கி ஓடிவந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வீசினார். டிரைவர் வழக்கம்போல விசில் ஊதினார். மேடையைக் கடக்கும்போது, நிறைமாதமாயிருந்த அவருடைய மனைவி வாங்குப் பலகையில் வயிற்றைப் பிடித்தபடி சரிந்து கிடந்ததைக் கண்டேன். பிரேக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நிறுத்தினால் எழுத்தில் விளக்கம் கொடுக்கவேண்டும். அதை யோசித்து முடித்தபிறகும் நிறுத்த நேரம் இருந்தது. நான் நிறுத்தவில்லை.

அயலவர்கள் அவளைக் கதிரையில் இருத்தி, இடுப்பளவு தண்ணீரில் சுமந்துகொண்டு போனார்களாம். ஆஸ்பத்திரியை அடையுமுன்னே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

மேலிடத்தில் கேட்டபோது, எந்தச் சைகையையும் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். ரெயில் பாதையில் ஓடியதற்குப் போர்ட்டரிடம்தான் விளக்கம் கேட்டார்கள். அதைக் கொடுக்க வந்த நாளில் அவர் என்னைத் தேடி வந்தார்.

"ஐயா, அண்டைக்கு நீங்கள் என்னைக் கண்டனீங்களோ?"

"இல்லை. மழைக்குள்ள ஒண்டும் தெரியேல்லை."

"ஓம், எனக்குத் தெரியும். கண்டிருந்தால் நிப்பாட்டியிருப்பியள். எல்லாரிட்டையும் அதைத்தான் சொல்லுறன்."

இப்போது ஓய்வுபெற்று அன்புவழிபுரத்தில் இருக்கிறேன். செத்துப்போன அந்தப் பெண்ணின் தம்பி சல்லியிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவன். என் படலையடியில் சைக்கிளை விட்டு இறங்கித்தான் நிற்பான். "அத்தான் கடைசிவரைக்கும் உங்களைப் பற்றி நல்லாத்தான் கதைச்சவர் ஐயா," என்று சொல்லி, நல்ல மீனாகப் பார்த்துத் தெரிந்தெடுத்துத் தருவான். நான் வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன்.