சாயப்பட்டறைத் தண்ணீர் குடித்த திராட்சை

அர்த்தநாரி ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். நகக்கண்ணெல்லாம் நீலமேறக் கூலிக்குத் துணி முக்கி, பிறகு திருப்பூரில் சொந்தச் சாயப்பட்டறை போட்டு முப்பது வருசம் ஓட்டியவர். அவர் ஏற்றிய சிவப்பு வெளுத்ததாக ஒருத்தன் வாய் திறந்தது கிடையாது. பட்டறையை மூடிய கையோடு தாராபுரம் பக்கம் நிலம் வாங்கி, நானூறு திராட்சைக் கொடி நட்டார். "கம்பத்துக்காரன் ஒயினுக்குப் பழம் குடுக்கறான், நம்மால ஆகாதா?" என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்தார்.

இரண்டாம் வருசம் இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டது. அடிக்காத மருந்தில்லை. கடைசியில், இரண்டு இலையைத் தாளில் மடித்துக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்குக்கே காரை விட்டார்.

இருபுறமும் மலை, நடுவே கண்ணுக்கெட்டிய மட்டும் பந்தல். அங்கே பல வருசமாகத் திராட்சை போடும் காசிமாயனின் தோட்டத்தில் குனிந்துதான் நடக்க முடிந்தது. கருங்கொத்துகள் தலையில் இடித்தன.

"மலை பெருமழைய மறிச்சுக்கிரும், காத்து மட்டும் வரும்யா. இலையில ஈரம் நிக்காது. ஆத்துத் தண்ணி பாயுது. காய்ப்பு முடிஞ்சா கவாத்து வெட்டி மொட்டையடிச்சிருவோம், திரும்பத் தழைக்கும்," என்றார் காசிமாயன்.

"கவாத்தெல்லாம் எனக்கும் தெரியுமுங்க. தண்ணி உங்களைவிட ஒசத்தி. போர்த் தண்ணி கடினமா இருந்துச்சு. பட்டறையில கிடந்த, கடினத்தை எடுக்கற சாஃப்ட்னர் மிஷினையே தோட்டத்துல வச்சுட்டேன். அதுல புகுந்து வந்தா சோப்பு பொங்கி வழியுமுங்க. என்ர சாயம் பிடிச்சதே அந்தத் தண்ணியிலதான்."

காசிமாயன் கருகிய இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த மிஷினுக்கு என்ன போடுவீக?"

"வாரம் ஒரு மூட்டை கல்லுப்பு."

"சுண்ணாம்ப எடுத்துக்கிட்டு அதுக்குப் பதிலா உப்பயில்ல தண்ணியில விட்டிருக்கு? மண்ணு சிமெண்டுத் தரை கணக்கா இறுகியிருக்குமேய்யா?"

இறுகித்தான் இருந்தது. மண்வெட்டி எகிறியபோது, ஆளுக்குச் சோம்பல் என்று திட்டியிருந்தார் அர்த்தநாரி.

"துணிக்கு நல்லது, வேருக்கு எமன். மிஷின நிறுத்திட்டு போர்த் தண்ணிய அப்படியே விடுங்க. ஜிப்சம் போட்டு மண்ண அலசுங்க. பாதி பிழைச்சா அதிர்ஷ்டம்."

அர்த்தநாரி தள்ளிப்போய் மனைவிக்குப் போன் போட்டார். "முத்தாயி, மிஷினை நிறுத்து."

"ஏனுங்க, காலையிலதான் புது மூட்டை கொட்டுனேன். ரிப்பேருங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"மிஷின் நல்லாத்தான் இருக்குது. நாந்தான் கொடிக்கு உப்புத் தண்ணியக் குடுத்துக் கெடுத்துப்போட்டேன்."

"எத்தனைங்க தேறும்?"

காசிமாயன் சொன்ன 'அதிர்ஷ்டம்' என்ற வார்த்தையை விழுங்கிவிட்டு, "பாதி," என்றார் அர்த்தநாரி.