பீப் சத்தத்துக்குக் காத்திருந்தவர்

எண்பதுகளின் கடைசியில், குற்றாலத்தில் சாரல் தொடங்கினாலே தென்காசியில் எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும். பழுதுபார்க்கச் சுரண்டையிலிருந்து ஒல்லியான ஒருவர் வருவார். மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போடுவார், பெட்டி எழுப்பும் பீப் சத்தத்தைக் கேட்க. நீளமாக ஒரு பீப், குட்டையாக இரண்டு வந்தால் திரைக்கான கார்டில் கோளாறு. குட்டையாக ஒன்றே ஒன்று வந்தால் எல்லாம் நலம்.

ஒரு மாலை, திரை பச்சையாக ஒளிர்ந்தது. பீப் மட்டும் வரவில்லை.

“அதான் ஓடுதுல்லா அண்ணாச்சி. சுரண்டை பஸ்ஸு போயிரும்” என்றேன்.

“ஓடுது. நல்லாருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே” என்றவர், மறுபடி பெட்டியைத் திறந்து ஸ்பீக்கர் ஒயரைத் தேடினார். வெளியே சாரலுக்குள் பஸ் கரைந்து போனது.

கடைசியில் குட்டையாக ஒரு பீப். அவர் கண் மூடியே இருந்தது.

யார் அவரிடம் ‘நல்லாருக்கேன்’ என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் போனார்களோ, நான் கேட்கவில்லை.