மீனெண்ணெய் வாடையும் என் வயிற்றெரிச்சலும்

எண்பதுகளின் தொடக்கம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து திருமணமாகி நான் காரைக்காலுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. குழந்தை இல்லை. என் கணவர் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். அவரும் உடன் வேலை பார்த்த ஓர் ஆசிரியையும் பழுப்புக் கடல்பாசியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பாசியில் எண்ணெய் கெட்டுப்போகாமல் காக்கும் சத்து இருக்கிறதாம். அதைப் பிரித்தெடுப்பதுதான் வேலை.

மழைக்காலக் காற்றுக்குப் பட்டினச்சேரிக் கரையில் பாசி ஒதுங்கும். இருவரும் போய் அள்ளி வருவார்கள். மணல் போக அலசி, நிழலில் உலர்த்தி, பொடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுவார்கள். ஸ்பிரிட் ஆவியானதும் அடியில் கரும்பழுப்பாக ஒரு பிசின் தங்கும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சாப்பிடும்போது என் கணவர் வேறெதுவும் பேச மாட்டார். பேச்சுக்குப் பேச்சு அந்த ஆசிரியை வருவார். அந்த அம்மா வடிகட்டினால் சாறு தெளிவாக இருக்கிறதாம். வெளிச்சம் படாமல் குப்பிகளுக்குக் கறுப்புக் காகிதம் சுற்றச் சொன்னதும் அந்த அம்மாதானாம். நான் வைத்த வத்தக்குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

சாயங்காலம் அந்த அம்மாவின் பையை என் கணவர் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிடுவதைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு வந்து சொன்னார். என் கையிலிருந்து காய்கறிப் பையை ஒருநாளும் வாங்கியறியாத மனிதர்! அதன்பிறகு அவர் சட்டையில் பாசி வாடை அடித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மதியம், சாப்பாடு கொடுக்கும் சாக்கில் சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வகத்துக்குப் போனேன். கணவர் வகுப்பில் இருந்தார். ஆசிரியை மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைவிட மூத்தவர், களைத்த முகம். மேசையில் மீனெண்ணெய்க் கிண்ணங்கள்.

நான் யாரென்று சொன்னதும் உட்காரச் சொல்லி ஓர் உதவி கேட்டார். சில கிண்ணங்களில் பாசிச்சாறு கலந்திருக்கிறது, சிலவற்றில் இல்லை. எதில் முதலில் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை வருகிறது என்று முகர்ந்து சொல்ல வேண்டும். என் கணவருக்குத் தீராத சளி, வாடையே தெரியாது.

"எனக்கு மோந்தாலே குமட்டுதுங்க," என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூணாம் மாசம். இதுக்கு முன்னாடி ரெண்டும் தங்கலை. அதான் யாருக்கும் சொல்லலை. பாரம் தூக்கக் கூடாதுன்னதால சாருக்கு மட்டும் தெரியும். வீட்லகூடச் சொல்லாதீங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

சந்தேகம் அந்த நிமிடமே போய்விட்டது. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கணவரைப் பறிகொடுத்துவிட்டேனோ என்று பயந்தபோதுகூட எனக்கு அப்படி எரிந்ததில்லை.

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"எரியுதா?" என்றார் மெதுவாக. "எனக்கும் எரிஞ்சிருக்குங்க. வளைகாப்புக்குக் கூப்பிட்டா தலைவலின்னு படுத்துக்குவேன். நான் தப்பா நெனைக்க மாட்டேன். முடிஞ்சா மோந்து பாருங்க. இல்லன்னா இன்னொரு நாள் வாங்க."

அழுதுவிட்டேன். பிறகு முகர்ந்தேன்.

அதன்பிறகு மதியமானால் போய்விடுவேன். எதில் சாறு இருக்கிறது என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். கல்லூரியில் இன்னும் சிலரும் முகர்ந்தார்கள். மற்றவையெல்லாம் சிக்கடித்த பிறகும் பாசிச்சாறு கலந்த எண்ணெய் கெடாமல் இருந்தது தெரிந்த நாளில் எங்கள் மூவருக்கும் தலைகால் புரியவில்லை.

அவர் வயிறு பெரிதாகப் பெரிதாக எனக்குச் சில நாள் தாங்க முடியாமல் இருக்கும். "இன்னிக்கு முடியல டீச்சர்," என்பேன். அவர் தலையசைப்பார், அவ்வளவுதான். வளைகாப்பில் உறவுப் பெண்கள் முகம் சுளிக்க, என்னைக் கூப்பிட்டு வளையல் போடச் சொன்னார். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

எனக்குக் குழந்தை பிறக்கவேயில்லை. பொறாமையும் அடியோடு போய்விடவில்லை. ஆனால் அதை ஒளித்துவைக்க வேண்டாத ஓர் இடம் ஒரு காலத்தில் எனக்குக் கிடைத்தது. இன்றுவரை யார் வீட்டுக் குழந்தையையும் மனதாரத் தூக்கிக் கொஞ்ச முடிகிறதென்றால் அதனால்தான்.