பட்டியலில் இல்லாத அனுமதி

ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் உட்கார்ந்து, "நீ இதைத் தொடலாம், நீ தொடாதே" என்று சொல்லும் புரோகிராம் எழுதுவது என் தொழில். வாட்ச்மேன் வேலைதான், சல்யூட் மட்டும் கிடையாது. யாருக்கு எது அனுமதி என்று ஒரு பட்டியல் உண்டு. சிஸ்டத்துக்குப் புது வெர்ஷன் வந்தால் புது அனுமதி ஒன்று முளைக்கும். பட்டியலில் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. இதில் கை சுட்டுக்கொண்டவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் கம்பெனிக்கு அப்போது ஒரே வாடிக்கையாளர், யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் சுபைதா இத்தா. இத்தா என்றால் அங்கே அக்கா, இக்கா என்றால் அண்ணன். அவரும் போனால் நானும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

போனால் போகிறது, விடு

பட்டியலில் இல்லாததை அனுமதித்துவிடு என்று எழுதினேன். எதற்காகவும் வேலை நிற்காது! இத்தா கடையில், சாமான்களின் கதையைச் சுற்றுலாக்காரர்களுக்கு அவரவர் பாஷையில் சொல்ல ஒரு டேப்லெட் இருந்தது. புது வெர்ஷனில் மைக்குக்கென்று ஒரு அனுமதி வந்தது. பட்டியலில் இல்லை, என் புரோகிராம் தாராளமாகத் திறந்துவிட்டது.

வாங்க வந்தவர் எதிரில் கடைசி விலையைத் தமிழில் கிசுகிசுப்பது இத்தாவுக்கும் அவர் கணவர், வாய் ஓயாத ஹமீதிக்காவுக்கும் வழக்கம். யாருக்குப் புரியப்போகிறது? டேப்லெட் அதைக் கேட்டு, வந்திருந்தவருக்காக ஃப்ரெஞ்சில் மாற்றி, கொட்டை எழுத்தில் காட்டிவிட்டது. இத்தா போனில் சொன்னார்: "மோளே, நான் இவர் காதில சொன்ன விலையை அந்த வெள்ளைக்கார சாயிப்பு படிச்சுக் காட்டறாரே."

மூச்சு விடாதே

பட்டால்தானே புத்தி. பட்டியலில் இல்லாத எதற்கும் 'முடியாது' என்று மாற்றினேன். அடுத்த வெர்ஷனில், பேச்சை நிறுத்துவதற்கே தனி அனுமதி! அதுவும் பட்டியலில் இல்லை. இத்தா பட்டனை அமுக்க அமுக்க, டேப்லெட் ஒரு வெண்கல உருளியின் பூர்வகதையைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

கடைக்கு ஓடினேன். ஹமீதிக்காவே காதைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். வேலை போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தா கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார்ஜ் தீர்ந்தா இது நிக்கும்ல? வீட்ல எனக்கு வாய்ச்சதுக்கு அந்த வழியும் இல்லை."

வாசலிலேயே நில்

மூன்றாவதாக இப்படி எழுதினேன்: புது வெர்ஷன் கேட்கும் அனுமதியெல்லாம் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார், ஒன்று குறைந்தாலும் அதை ஏற்றாதே, பழைய வெர்ஷனிலேயே ஓடு, காரணத்தைத் திரையில் சொல்லிவிடு.

அடுத்த மாதம் இத்தா உடனே வரச்சொன்னார். திரையைக் காட்டினார். என் வாக்கியம்தான்: 'இது எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லும்வரை பழையபடியே இருக்கிறேன்.' இந்தத் 'தெரியாது' இவரிடம் எடுபடுமா? எந்த உருளியைக் காட்டினாலும் டக்கென்று வயசு சொல்லிவிடும் மனுஷி அவர். சாயாவை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற ஒரு ஆளை இந்தக் கடையில இப்பத்தான் பாக்கறேன். இது இங்கேயே இருக்கட்டும்."

இப்போதெல்லாம் வேலை எப்போது முடியும் என்று மானேஜர் கேட்டால் நானும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறேன். இதுவரை வேலை போகவில்லை.